செகந்திராபாத்தில் குறைந்த விலையில் வீடு: முன்பணம் கொடுக்கும் முன் சரிபார்க்க வேண்டியவை என்னென்ன?

ஹைதராபாத்: தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்த கச்சிபௌலி, கோண்டாப்பூர் போன்ற மேற்குப் பகுதிகளில் வீட்டு விலை நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டாத நிலையில், செகந்திராபாத்தை ஒட்டியுள்ள மல்காஜ்கிரி, அல்வால், மௌலா அலி, நேரேட்மெட், காப்ரா ஆகிய பகுதிகள் பலரது கவனத்தை ஈர்த்து வருகின்றன. தமிழகத்தில் இருந்து பணி நிமித்தம் இங்கு குடியேறுவோரும் இந்தப் பகுதிகளில் வீடு தேடுகின்றனர். எனினும், ஒரு வீடு அக்கம்பக்கத்து வீடுகளைவிடக் கணிசமாகக் குறைந்த விலைக்கு வருகிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தை முன்பணம் கொடுக்கும் முன்பே அறிந்துகொள்வது அவசியம்.

ராணுவ முகாமில் இருந்து நகரம் வரை

1806-ஆம் ஆண்டு ஆங்கிலேயப் படையின் முகாமாக உருவான செகந்திராபாத், மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரைத் தாங்கியது. அந்த வரலாறு இன்றும் நில ஆவணங்களில் தொடர்கிறது. நகரின் ஒரு பகுதி மாநகராட்சியின் கீழும், ஏறத்தாழ 10,000 ஏக்கர் பரப்பு பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் செகந்திராபாத் கண்டோன்மென்ட் வாரியத்தின் கீழும் உள்ளன. மல்காஜ்கிரி, அல்வால், காப்ரா ஆகியவை தனி நகராட்சிகளாக இருந்து, 2007-ஆம் ஆண்டு உருவான ஹைதராபாத் பெருநகர மாநகராட்சியுடன் இணைந்தவை.

இதனால், ஒரே சாலையின் இருபுறமும் உள்ள இரு வீடுகளுக்குக் கட்டட அனுமதி வழங்கும் அமைப்பு வேறுபடக்கூடும். வீடு எந்த அமைப்பின் எல்லைக்குள் வருகிறது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

கண்டோன்மென்ட் எல்லையில் என்ன கவனிக்க வேண்டும்?

கண்டோன்மென்ட் எல்லைக்குள் தனியார் பட்டா நிலங்களும் உண்டு. அரசு நிலங்களும் உண்டு. 'ஓல்டு கிராண்ட்' எனப்படும் பழைய மானிய முறையில் உள்ள சொத்துகளில், குடியிருப்பவருக்குக் கட்டடத்தின் மீது மட்டுமே உரிமை உண்டு; நிலம் அரசுக்கே சொந்தம். பழைய பங்களாக்கள் பல இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றை அனுமதியின்றிக் கைமாற்றவோ, பிரித்து விற்கவோ, அடுக்குமாடியாக மாற்றவோ முடியாது.

ராணுவ நில அலுவலகம் பராமரிக்கும் பொது நிலப் பதிவேட்டில் ஒவ்வொரு சர்வே எண்ணும் எந்த வகை நிலம் எனக் குறிக்கப்பட்டிருக்கும். விற்பவர் காட்டும் ஆவணங்களை இந்தப் பதிவேட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்காமல் கண்டோன்மென்ட் பகுதியில் வீடு வாங்குவது பாதுகாப்பானதல்ல. இங்குள்ள குடிமக்கள் பகுதிகளை மாநகராட்சியுடன் இணைக்கும் யோசனை பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. இணைப்பு வந்தால் விலை உயரும் என்ற எதிர்பார்ப்பை மட்டும் நம்பி வாங்குவதும் சரியாகாது.

ஏரிக்கரை வீடுகள்

சஃபில்குடா, ராமகிருஷ்ணாபுரம், காப்ரா, ஹஸ்மத்பேட்டை என இப்பகுதியில் ஏரிகள் பல உள்ளன. தெலங்கானாவில் ஏரியின் முழு நீர்மட்ட எல்லைக்குள் கட்டடம் கட்ட அனுமதி இல்லை. அதற்கு வெளியேயும், 10 ஹெக்டேர் மற்றும் அதற்கு மேற்பட்ட ஏரிகளுக்கு 30 மீட்டரும், சிறிய ஏரி, குட்டைகளுக்கு 9 மீட்டரும் இடைவெளி விட வேண்டும் என்பது கட்டட விதி.

2020 அக்டோபரில் பெய்த பெருமழையில் ஏரிகள் நிரம்பி வழிந்து ஹைதராபாத்தின் பல குடியிருப்புகள் நீரில் மூழ்கின. 2024 ஜூலையில் மாநில அரசு அமைத்த 'ஹைட்ரா' முகமை, நீர்நிலைகளில் எழுந்த ஆக்கிரமிப்புக் கட்டடங்களை இடித்து வருகிறது. பத்திரம் பதிவாகியிருப்பதோ, வங்கிக் கடன் கிடைத்திருப்பதோ மட்டும் இடிப்பில் இருந்து பாதுகாப்பு அளிக்காது. ஹைதராபாத் பெருநகர வளர்ச்சி ஆணையத்தின் ஏரி வரைபடத்தில் சர்வே எண்ணைச் சரிபார்ப்பதுடன், மழைக்காலத்தில் ஒருமுறை நேரில் சென்று பார்ப்பதும் நல்லது.

கஜம், கிரவுண்டு, சென்ட்

தமிழகத்தில் சென்ட், கிரவுண்டு எனக் கணக்கிடப்படும் மனை, ஹைதராபாத்தில் சதுர கஜத்தில் விற்கப்படுகிறது. 1 சதுர கஜம் என்பது 9 சதுர அடி. 1 சென்ட் 48.4 சதுர கஜத்துக்கும், 2,400 சதுர அடி கொண்ட 1 கிரவுண்டு ஏறத்தாழ 267 சதுர கஜத்துக்கும் சமம்.

அடுக்குமாடி வீடுகளுக்குச் சொல்லப்படும் சதுர அடியில் படிக்கட்டு, மின்தூக்கி, நடைபாதை போன்ற பொது இடங்களின் பங்கும் சேர்ந்திருப்பது வழக்கம். ரேரா எனப்படும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, வீட்டுக்குள் உண்மையில் பயன்படுத்தக்கூடிய 'கார்ப்பெட்' பரப்பைக் கட்டுநர் தெரிவிக்க வேண்டும். இரு வீடுகளின் விலையை ஒப்பிடுவதற்கு இந்தப் பரப்பே சரியான அளவுகோல்.

ஆவணங்கள்

வில்லங்கச் சான்றிதழைத் தெலங்கானா பதிவுத்துறையின் இணையதளத்தில் பெறலாம். வழக்கறிஞர்கள் பொதுவாக 30 ஆண்டுகளுக்கான விவரங்களையும், சொத்து கைமாறி வந்த வரிசையைக் காட்டும் தாய்ப் பத்திரங்களையும் கேட்கின்றனர். இவற்றுடன், பதிவுச் சட்டத்தின் 22ஏ பிரிவின் கீழ் உள்ள தடை செய்யப்பட்ட சொத்துகளின் பட்டியலில் அந்த சர்வே எண் இடம்பெற்றுள்ளதா என்றும் பார்க்க வேண்டும். அரசு, வக்பு, அறநிலையத்துறை நிலங்களும், நிலமற்ற ஏழைகளுக்கு ஒப்படைக்கப்பட்ட நிலங்களும் இந்தப் பட்டியலில் வரும். ஒப்படைக்கப்பட்ட நிலங்களை விற்க 1977-ஆம் ஆண்டின் சட்டம் தடை விதிக்கிறது.

நோட்டரி சான்றளித்த தாளிலோ, பொது அதிகாரப் பத்திரத்தின் பேரிலோ 'விற்பனை' செய்யப்படும் சிறிய வீடுகளும் சந்தையில் உண்டு. பொது அதிகாரப் பத்திரம், விற்பனை ஒப்பந்தம் ஆகியவற்றால் மட்டும் உரிமை மாறாது. பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரமே உரிமையை மாற்றும் என உச்ச நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டு தெளிவுபடுத்தியுள்ளது.

அனுமதியற்ற மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2020-இல் அறிவிக்கப்பட்ட திட்டத்தில் மாநிலம் முழுவதும் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. விண்ணப்பித்ததற்கான ரசீது வேறு, வரன்முறை ஆணை வேறு. மனை வாங்குவோர் ஆணையின் நகலைக் கேட்டுப் பெற வேண்டும்.

அடுக்குமாடி வீடு என்றால்...

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அல்லது 8 வீடுகளுக்கு மேல் கட்டப்படும் திட்டங்கள் ரேராவில் பதிவு செய்யப்பட வேண்டும். தெலங்கானாவில் 2017 ஜனவரி 1 முதல் கட்டட அனுமதி பெற்ற திட்டங்களுக்கு இது பொருந்தும். பதிவுக்கு முன் விளம்பரம் செய்வதும், முன்பதிவு பெறுவதும் சட்டவிரோதம். இருப்பினும் 'ப்ரீ லாஞ்ச்' என்ற பெயரில், சந்தை விலையைவிடக் குறைவாகத் தருவதாகக் கூறி முழுத் தொகையையும் முன்கூட்டியே வசூலிக்கும் போக்கு ஹைதராபாத்தில் தொடர்ந்து புகாருக்கு உள்ளாகி வருகிறது. வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்துவிட்டு, அனுமதியே பெறாத திட்டங்களுக்காகக் காத்திருப்போர் பலர்.

விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல், விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் பெறக்கூடாது. வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கான தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறைபாடு தெரியவந்தால், கூடுதல் கட்டணமின்றி 30 நாள்களுக்குள் சரிசெய்து தர வேண்டும்.

இங்கு மற்றொரு விதியும் உண்டு. கட்டுநர் விதிகளை மீறாமல் இருப்பதற்கான பிணையாக, கட்டடப் பரப்பில் 10 சதவீதத்தை அனுமதி வழங்கும் அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். குடியேற்றச் சான்று வழங்கப்பட்ட பிறகே அந்த வீடுகள் விடுவிக்கப்படும். அதுவரை அவற்றை விற்க முடியாது. தான் வாங்கும் வீடு இந்த 10 சதவீதத்துக்குள் வருகிறதா என்பதை வாங்குபவர் அனுமதி வரைபடத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். வரைபடத்தில் இல்லாத மேல்தளத்தில் கட்டப்பட்ட 'பென்ட்ஹவுஸ்' மலிவாகக் கிடைப்பதற்கும் காரணம், அதற்கு அனுமதி இல்லாததே.

உண்மையான செலவு எவ்வளவு?

தெலங்கானாவில் முத்திரைத் தீர்வை 5.5 சதவீதம், சொத்து மாற்று வரி 1.5 சதவீதம், பதிவுக் கட்டணம் 0.5 சதவீதம் என மொத்தம் 7.5 சதவீதம் செலுத்த வேண்டும். தமிழகத்தில் இது 9 சதவீதம். பத்திரத்தில் குறிப்பிடும் விலை, அரசு நிர்ணயித்த மதிப்பு ஆகியவற்றில் எது அதிகமோ அதன் அடிப்படையில் கட்டணம் கணக்கிடப்படும். தமிழகத்தில் வழிகாட்டி மதிப்பு எனப்படுவது இங்கு சந்தை மதிப்பு எனப்படுகிறது.

கட்டுமானத்தில் உள்ள வீட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். ஹைதராபாத் போன்ற பெருநகரங்களில் 60 சதுர மீட்டருக்கு மிகாத கார்ப்பெட் பரப்பும், 45 லட்சம் ரூபாய்க்கு மிகாத விலையும் கொண்ட வீட்டுக்கு 1 சதவீதம் மட்டுமே. பணி நிறைவுச் சான்று பெற்ற வீட்டை அதன்பின் வாங்கினால் ஜிஎஸ்டி இல்லை. 50 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட சொத்துக்கு, விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்தம் செய்து செலுத்துவது வாங்குபவரின் பொறுப்பு.

எடுத்துக்காட்டாக, 50 லட்சம் ரூபாய் மதிப்புள்ள, கட்டுமானத்தில் உள்ள வீட்டை எடுத்துக்கொள்ளலாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரை மட்டுமே வழங்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. ஆகவே கடன் 40 லட்சம் ரூபாயைத் தாண்டாது. பதிவுச் செலவு கடனில் சேராது. மீதமுள்ள 10 லட்சம், பதிவுக்கு 3.75 லட்சம், ஜிஎஸ்டி 2.5 லட்சம் என 16.25 லட்சம் ரூபாய் கையில் இருக்க வேண்டும்.

40 லட்சம் ரூபாய் கடனை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய். அசலும் வட்டியும் சேர்த்து ஏறத்தாழ 83 லட்சம் ரூபாய் செலுத்த நேரிடும்.

முதலீடாக வாங்கலாமா?

இதே வீடு மாதம் 15,000 ரூபாய் வாடகைக்குப் போகிறது எனக் கொண்டால், ஆண்டு வருவாய் 1.8 லட்சம் ரூபாய். அதாவது வீட்டு விலையில் 3.6 சதவீதம். பராமரிப்பு, சொத்து வரி, வீடு காலியாக இருக்கும் மாதங்கள் ஆகியவற்றைக் கழித்தால் இது மேலும் குறையும். தவணைக்கும் வாடகைக்கும் இடையிலான சுமார் 19,700 ரூபாயை மாதந்தோறும் கையில் இருந்து போட வேண்டும். எனவே, வாடகையை மட்டும் நம்பிக் கடனில் வாங்குவது பெரும்பாலும் பலன் தராது. குடியிருப்பதற்காக வாங்குவோருக்கு மிச்சமாகும் வாடகையும் நிலையான முகவரியும் கிடைக்கும். முதலீட்டாளரின் லாபமோ விலை உயர்வை மட்டுமே சார்ந்தது.

அந்த விலை உயர்வுக்குக் காரணமாக விற்பனையாளர்கள் சுட்டிக்காட்டுவது போக்குவரத்துத் திட்டங்களையே. இதில் நடைமுறைக்கு வந்தவற்றையும், வர உள்ளவற்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 2020 பிப்ரவரியில் ஜூபிலி பேருந்து நிலையம் வரையிலான மெட்ரோ, 2023 ஏப்ரலில் மேட்சல் வரையிலான எம்எம்டிஎஸ் புறநகர் ரயில், 2025 ஜனவரியில் சர்லபள்ளி ரயில் முனையம் ஆகியவை பயன்பாட்டுக்கு வந்தன. இவற்றிலும், எத்தனை ரயில்கள் எந்த நேரத்தில் ஓடுகின்றன எனக் கால அட்டவணையைப் பார்ப்பது அவசியம். மேட்சல், ஷாமிர்பேட்டைக்கான மெட்ரோ வழித்தடங்களோ மாநில அரசு முன்மொழிந்தவை.

ராணுவப் பகுதிகளின் ஊடாகச் செல்லும் சாலைகள் மூடப்படுவதும் மல்காஜ்கிரி, நேரேட்மெட், சைனிக்புரி மக்களின் நீண்ட காலப் பிரச்சினை. உரிய நடைமுறையின்றி மூடப்பட்ட கண்டோன்மென்ட் சாலைகளைத் திறக்க 2018 மே மாதம் பாதுகாப்பு அமைச்சகம் உத்தரவிட்டது. வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை செல்வோர், வேலை நாளின் காலை நேரத்தில் ஒருமுறை அலுவலகம் வரை பயணித்துப் பார்த்தால் உண்மை நிலை புரியும்.

பிரச்சினை ஏற்பட்டால்...

ஒப்பந்தத்தில் கூறிய தேதியில் வீடு ஒப்படைக்கப்படாவிட்டால், திட்டத்தில் இருந்து விலகி வட்டியுடன் பணத்தைத் திரும்பப் பெறவோ, விலகாமல் தாமதக் காலத்துக்கு மாதந்தோறும் வட்டி பெறவோ ரேரா சட்டம் உரிமை அளிக்கிறது. தெலங்கானா ரேரா ஆணையத்தின் இணையதளத்தில் புகார் அளிக்கலாம். இதற்குப் பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தமும், வங்கி வழியாகப் பணம் செலுத்தியதற்கான சான்றும் வலுவான ஆதாரங்கள். ரொக்கமாகக் கொடுத்த தொகையை நிரூபிப்பது கடினம்.

வீடு வாங்க ஆகும் மொத்தச் செலவில், ஆவணங்களை வழக்கறிஞரிடம் காட்டிக் கருத்துப் பெற ஆகும் கட்டணம் மிகச் சிறிய பங்கே. அதை முன்பணம் கொடுப்பதற்கு முன் செலவிடுவதே, சேமிப்பு முழுவதையும் ஒரே வீட்டில் போடும் குடும்பத்துக்குப் பாதுகாப்பு.