பத்திரம் யார் பெயரில்?

பிரான்சின் லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பற்றிய எந்தச் சுற்றுலாக் கையேட்டைப் புரட்டினாலும் ஷெனோன்சோ கோட்டைக்கு ஒரு செல்லப்பெயர் தந்திருப்பார்கள்: ‘சீமாட்டிகளின் கோட்டை’. கட்டி எழுப்பியவர் ஒரு பெண், ஆற்றின் குறுக்கே பாலம் போட்டவர் ஒரு பெண், பாலத்தின் மேல் மாடம் கட்டியவர் ஒரு பெண், புரட்சிக் காலத்தில் இடிபடாமல் காத்தவர் ஒரு பெண் என்று பட்டியல் நீளும். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கோட்டையை மட்டும் பெண்களுடையது என்று சொன்னால், மற்றக் கோட்டைகளில் பெண்கள் என்னவாக இருந்தார்கள்? ஷெனோன்சோதான் எந்த அர்த்தத்தில் அவர்களுடையது? இந்த இரண்டு கேள்விகளோடு ஒரு செப்டம்பரில் மூன்று நாள் அந்த ஆற்றங்கரைச் சாலைகளில் பயணம் செய்தேன். பாரிசில் வாழும் என் கல்லூரித் தோழி கார் ஓட்டினாள்.

பள்ளத்தாக்கின் நடுப்பகுதி, ஏறக்குறைய 280 கிலோமீட்டர் நீளத்துக்கு, 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. செப்டம்பரில் லுவாரில் தண்ணீர் குறைவு. ஆற்றின் நடுவே மணல் திட்டுகள் வெளுத்துக் கிடந்தன. ஒரு பக்கம் அறுவடைக்குக் காத்திருக்கும் திராட்சைத் தோட்டங்கள்; மறுபக்கம் தலை கவிழ்ந்து கறுத்துப்போன சூரியகாந்திகள். அந்த மண்ணுக்கு அடியில் வெள்ளைச் சுண்ணக்கல் இருக்கிறது, அறுக்க எளிதான மென்மையான கல். கோட்டைகள், தேவாலயங்கள், வீடுகள் எல்லாம் அந்தக் கல்லில் எழுந்தவை. கல்லை வெட்டியெடுத்த இடங்கள் குகைகளாகி, அவற்றில் ஏழைகள் குடியிருந்தார்கள்; இப்போது ஒயின் கிடங்குகளும் காளான் பண்ணைகளும் இருக்கின்றன. ஒவ்வொரு கோட்டைக்கும் ஈடாக எங்கோ ஒரு பள்ளம் இருக்கிறது என்பதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். கோட்டை, அரண்மனை, மாளிகை எல்லாவற்றுக்கும் பிரெஞ்சில் ‘ஷாத்தோ’ என்ற ஒரே சொல்தான். போர் செய்யக் கட்டியவை மெல்ல மெல்ல வாழ்வதற்கும் காட்டிக்கொள்வதற்குமான இடங்களாக மாறிய வரலாறு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

முதலில் லாஞ்சே. ஊர் நடுவே கருத்த கல் சுவரும் தூக்குப்பாலமுமாக நிற்கிறது. உள்ளே ஒரு கூடத்தில் மெழுகு உருவங்களால் ஒரு திருமணக் காட்சியை அமைத்திருக்கிறார்கள். 1491 டிசம்பர் 6 அன்று இந்தக் கோட்டையில்தான் பிரெஞ்சு மன்னன் எட்டாம் சார்லசுக்கும் பிரிட்டனியின் கோமகள் ஆனுக்கும் திருமணம் நடந்தது. அவனுக்கு 21 வயது, அவளுக்கு 14. மெழுகுச் சிறுமியை வெகுநேரம் பார்த்துவிட்டுத் தோழி சொன்னாள்: “ஒன்பதாம் வகுப்பு படிக்கிற வயசுடி இவளுக்கு.”

அந்தச் சிறுமி தன் நாட்டின் ஆட்சியாளர். தந்தை இறந்ததும் 11 வயதில் பிரிட்டனி அவள் கைக்கு வந்தது. நாட்டைக் காத்துக்கொள்ள, ஆஸ்திரியாவின் மாக்சிமிலியனைப் பதிலாள் மூலம் 1490இல் மணந்துகொண்டாள். பிரெஞ்சுப் படைகள் அவள் இருந்த ரென் நகரை முற்றுகையிட்டன. கணவன் வீட்டு உதவி வரவில்லை. முற்றுகையிட்டவனையே மணப்பதுதான் சமாதானத்தின் விலை. சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. மகள் கேட்டு வந்த வேந்தனுக்குத் தரமறுத்து, ஊரே அழிவை எதிர்நோக்கும் நிலையை ‘மகட்பாற் காஞ்சி’ என்ற துறையாக வகுத்து வைத்திருக்கிறோம். அந்தப் பாடல்களில் தந்தையும் தமையன்மாரும் மறுப்பார்கள், புலவர் கவலைப்படுவார். ரென் நகரில் மறுக்கத் தந்தை இல்லை. பெண்ணே நாடாகவும் இருந்ததால் இரண்டையும் சேர்த்துக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது.

திருமண ஒப்பந்தத்தில் ஒரு விதி உண்டு: சார்லஸ் ஆண் வாரிசின்றி இறந்தால், ஆன் அடுத்து வரும் மன்னனை மணக்க வேண்டும். ஆளை மாற்றலாம், நிலம் கைமாறக் கூடாது. இந்தத் திருமணத்தால் கைவிடப்பட்ட இன்னொரு சிறுமியும் இருந்தாள். மாக்சிமிலியனின் மகள் மார்கரெட்டை, சார்லசுக்கு மனைவியாக்குவதற்காக 3 வயதிலேயே பிரான்சுக்குக் கொண்டுவந்து, அருகிலுள்ள அம்புவாஸ் கோட்டையில் ‘குட்டி ராணி’யாக வளர்த்தார்கள். அவளை 1493இல், 13 வயதில், திருப்பி அனுப்பினார்கள். பின்னாளில் நெதர்லாந்துப் பகுதிகளின் ஆட்சியாளராகி, பிரெஞ்சு மன்னனின் தாயான சவோய் லூயிசோடு பேசி 1529இல் போரை முடித்துவைத்தவர் இதே மார்கரெட்தான். அந்த உடன்படிக்கைக்கும் ‘சீமாட்டிகளின் சமாதானம்’ என்றுதான் பெயர். ஆண்கள் செய்துகொண்ட உடன்படிக்கைகளை ஒருவரும் ‘ஆண்களின் சமாதானம்’ என்று அழைப்பதில்லை.

ஆன், சார்லசுக்குப் பெற்ற பிள்ளைகளில் ஒன்றுகூடத் தங்கவில்லை. 1498இல் சார்லஸ், அம்புவாசில் ஒரு தாழ்ந்த வாசலின் மேற்படியில் தலை மோதி இறந்தான். ஆன் பிரிட்டனிக்குத் திரும்பி, நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்து, தன் பெயரில் நாணயம் வெளியிட்டார். அந்த ஆட்சி ஒன்பது மாதம் நீடித்தது. 1499 ஜனவரியில் ஒப்பந்த விதிப்படி பன்னிரண்டாம் லூயியை மணந்தார். அதற்கு வழிவிட, லூயியின் முதல் மனைவி ழானின் உடல் ஊனத்தை நீதிமன்றத்தில் விவாதப் பொருளாக்கி அந்தத் திருமணம் செல்லாது என்று தீர்ப்பு வாங்கினார்கள். ஆன் 36 வயதில் புளுவா கோட்டையில் இறந்தபோது இரண்டு மகள்கள்தான் உயிரோடிருந்தார்கள். மூத்தவர் கிளோட் அடுத்த மன்னனின் மனைவியாகி, ஏழு பிள்ளைகள் பெற்று, 1524இல் 24 வயதில் இறந்தார். 1532இல் பிரிட்டனி பிரான்சோடு இணைக்கப்பட்டது. சாலையோரச் சந்தையில் பச்சை நிறப் பிளம்ஸ் பழங்கள் வாங்கினோம். அவற்றின் பெயர் ‘ராணி கிளோட்’. பிரிட்டனியின் கடைசி வாரிசுகளில் ஒருவருக்கு மக்கள் நினைவில் மிஞ்சியிருப்பது ஒரு பழத்தின் பெயர்.

லாஞ்சேயிலிருந்து தென்கிழக்கே லோஷ். காடும் கோதுமை அறுத்த வயலுமாகப் போகும் பாதை, திடீரென்று ஒரு மேட்டின் மேல் முடிகிறது. இங்கே இரண்டு பெண்களின் பெயரைச் சேர்த்துச் சொல்கிறார்கள். ஜோன் ஆஃப் ஆர்க் 1429இல் இங்கு வந்து, முடிசூட்டிக்கொள்ள வருமாறு ஏழாம் சார்லசை வற்புறுத்தினார். அதே மன்னனின் காதலி அக்னஸ் சொரேல் இங்கு வாழ்ந்தார். ஒருவர் கன்னி, மற்றவர் ஆசைநாயகி. எதிரெதிர் என்று காட்டப்படும் இந்த இருவரும் ஒரே மன்னனுக்குப் பயன்பட்டவர்கள். ஜோன் பிடிபட்டபோது அவரை விலை கொடுத்து மீட்க மன்னன் முன்வரவில்லை. ஆணுடை அணிந்தது குற்றங்களில் ஒன்றாக்கப்பட்டு, 1431 மே 30 அன்று ரூவான் நகரில் ஜோன் எரிக்கப்பட்டார். அக்னஸ் மன்னனுக்கு மூன்று மகள்களைப் பெற்று, நான்காம் பேறுகாலத்தில் 1450இல் இறந்தார். எஞ்சிய உடற்பகுதிகளை 2005 வாக்கில் ஆராய்ந்தபோது பாதரசம் மிக அதிக அளவில் இருந்தது தெரியவந்தது. நஞ்சா, மருந்தா என்ற வாதம் முடியவில்லை.

லோஷ் தேவாலயத்தில் அக்னசின் வெண்கல் சிலை படுத்திருக்கிறது, காலடியில் இரண்டு ஆட்டுக்குட்டிகள். இப்படிப்பட்டவளின் கல்லறை இங்கே இருக்கலாகாது என்று பாதிரிமார் அடுத்த மன்னனிடம் முறையிட்டார்களாம். எடுத்துவிடலாம், அவள் கொடுத்த நன்கொடையையும் திருப்பிக் கொடுங்கள் என்றானாம் மன்னன். கல்லறை அங்கேயே இருந்தது. கதை எந்த அளவுக்கு உண்மையோ, பெண்ணின் மானம், பெண்ணின் பணம் இரண்டில் எதை எவ்வளவு வேண்டினார்கள் என்பதை அது சரியாகவே சொல்கிறது.

மூன்றாம் நாள் ஷெனோன்சோ. இரு பக்கமும் பெரிய மரங்கள் நிற்கும் நீண்ட நடைபாதையின் முடிவில் கோட்டை தெரிகிறது. ஷேர் ஆற்றின் மேல், ஐந்து வளைவுகளில் காலூன்றி, வெள்ளைக் கல்லில் நிற்கிறது. இவ்வளவு அழகான கட்டடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த அழகை ஒதுக்கிவைக்காமலே அதன் உரிமை வரலாற்றைப் படிக்க முடியும் என்று நினைக்கிறேன்.

1513 முதல் 1521 வரை இதைக் கட்டுவித்தவர் காதரீன் பிரிசோனே. கணவர் தோமா போயே அரசின் நிதி அதிகாரி. இத்தாலியப் போர்களுக்காகப் பெரும்பாலும் வெளியூரில் இருந்தார். வேலையாட்களோடு நின்று கோட்டையை எழுப்பியது மனைவி. அவர்கள் இறந்ததும், போயே அரசுக்குப் பாக்கி வைத்திருந்த தொகைக்காக 1535இல் மகனிடமிருந்து கோட்டை மன்னன் கைக்குப் போனது. 1547இல் இரண்டாம் ஹென்றி அதைத் தன் காதலி தியான் தெ புவாத்தியேவுக்குப் பரிசாகத் தந்தான்.

கையேடுகள் இந்த இடத்தில் காதல் கதைக்குப் போய்விடும். ஆனால் தியான் என்ன செய்தார் என்று பாருங்கள். அரசுச் சொத்தைத் தானமாகக் கொடுக்க முடியாது என்பது சட்டம். மன்னன் இறந்தால் பரிசும் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே பல ஆண்டுகள் வழக்காடினார். பழைய விற்பனை செல்லாது என்று தீர்ப்பு வாங்கி, கோட்டையைப் போயேவின் மகன் பெயருக்கே திருப்பி, பிறகு ஏலத்துக்கு வரவைத்து, 1555இல் சட்டப்படி விலைக்கு வாங்கினார். காதலை நம்பாமல் கிரயப் பத்திரத்தை நம்பினார். ஆற்றின் குறுக்கே பாலமும் கட்டினார். அதுவும் போதவில்லை. 1559இல் ஹென்றி குதிரைப் போட்டியில் காயப்பட்டு இறந்ததும், விதவை அரசி கேத்தரின் தெ மெதிசி, ஷெனோன்சோவை ஒப்படைத்துவிட்டு ஷோமோன் கோட்டையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். தியான் மறுக்க முடியவில்லை.

இரண்டு பெண்களின் குடுமிப்பிடிச் சண்டையாக இது சொல்லப்படுகிறது. கோட்டைக்கு இருபுறமும் இருக்கும் இருவரின் தோட்டங்களையும் காட்டி எந்தத் தோட்டம் அழகு என்று கேட்பார்கள். ஆனால் இருவரின் அதிகாரமும் ஒரே மன்னனின் உடலில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் மூச்சு நின்ற நாளில் ஒருவர் எல்லாவற்றையும் இழந்தார். மற்றவர், அரசனாகும் பிள்ளைகளின் தாய் என்பதால், முதன்முறையாக ஆளத் தொடங்கினார். பாலத்தின் மேல் 60 மீட்டர் நீளக் கூடம் கட்டி விருந்து நடத்திய கேத்தரின் இறந்தபோது பெருங்கடன் இருந்தது. கோட்டையைப் பெற்ற மருமகள் லோரேன் லூயிசின் கணவன் மூன்றாம் ஹென்றி அதே 1589இல் கொல்லப்பட்டான். லூயிஸ் தன் அறைச் சுவருக்குக் கறுப்புப் பூசி, வெள்ளை உடுத்தி, வாசலில் கடன்காரர்கள் நிற்க, அங்கே வாழ்ந்தார்.

ஆண் போருக்குப் போனபோது, ஆண் பிரியப்பட்டபோது, ஆண் செத்தபோது என்று ஆண்களுக்கு நடுவே விழுந்த இடைவெளிகளில்தான் இந்தப் பெண்கள் கோட்டையை வைத்திருந்தார்கள். பிரிட்டனியின் ஆனுக்குக் கிடைத்த ஒன்பது மாதமும் அப்படிப்பட்டதுதான். இந்த இடைவெளிகளை ஒன்றாகத் தைத்து ‘சீமாட்டிகளின் கோட்டை’ என்று பெயரிட்டால் தையல் தெரியாமல் போகிறது.

இதையெல்லாம் எழுத்தில் யோசித்த ஒரு பெண்ணும் இதே கோட்டையில் இருந்தார். 1733இல் வரிக் குத்தகைதாரர் குளோது துப்பேன் ஷெனோன்சோவை வாங்கினார். அவர் மனைவி லூயிஸ் துப்பேன், பெண்கள் பற்றிப் பெரிய நூல் ஒன்றை எழுதத் தொடங்கினார். ஆண் பெண் ஏற்றத்தாழ்வு இயற்கையல்ல, கல்வியும் சட்டமும் வரலாற்றாசிரியர்களும் சேர்ந்து உண்டாக்கியது என்பது அதன் வாதம். திருமணச் சட்டத்தில் மனைவியின் சொத்து கணவன் ஆளுகைக்குப் போவதையும் அவர் கேள்வி கேட்டார். அந்த நூலுக்குக் குறிப்பெடுத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதி, படியெடுத்த செயலர், அப்போது புகழ்பெறாத ரூசோ. 1745 முதல் சுமார் ஆறாண்டுகள் அந்தக் குடும்பத்தில் வேலை பார்த்தவர். 1762இல் ரூசோ ‘எமில்’ எழுதினார். பெண்ணின் கல்வி ஆணுக்கு உகந்தவளாக இருப்பதற்கானது என்று அதில் வாதிட்டார். இதற்கு நேர் எதிரான வாதத்தைத் தன் கையாலேயே பக்கம் பக்கமாக எழுதியவர் அவர்.

லூயிஸ் துப்பேன் தன் நூலை வெளியிடவில்லை. புரட்சியைக் கடந்து, 93 வயது வரை வாழ்ந்து, 1799இல் இறந்து அந்தத் தோட்டத்திலேயே புதைக்கப்பட்டார். கைப்பிரதிகள் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஏலத்துக்கு வந்து பல நாட்டு நூலகங்களுக்குச் சிதறின. ரூசோவின் கையெழுத்து என்பதால் அவற்றுக்கு விலை. நூல் முழுமையாக அச்சேறியது 2022இல்தான். கோட்டைக்குள் அவருடைய பெரிய ஓவியம் தொங்குகிறது. அழகி, விருந்துகளின் நாயகி, வால்டேரின் நண்பர் என்று எல்லா அடைமொழியும் அவருக்குக் கிடைத்தாயிற்று. ‘எழுத்தாளர்’ என்பதுதான் மிகத் தாமதமாக வந்தது.

கீழே இறங்கினால் சமையலறை. ஆற்றுக்குள் நிற்கும் அடித்தளத் தூண்களுக்குள் அது இருக்கிறது. படகில் வரும் சாமான்களை நேரே உள்ளே ஏற்றிக்கொள்ளலாம். பெரிய அடுப்பு, ரொட்டி சுடும் சூளை, இறைச்சி மாட்டும் கொக்கிகள், செம்புப் பாத்திரங்கள். அங்கே வெந்தவர்கள் எவரின் பெயரும் எந்தப் பலகையிலும் இல்லை. ‘சீமாட்டிகள்’ என்ற சொல்லில் அவர்களுக்கு இடமும் இல்லை. மேலே, கேத்தரின் நடனமாட வைத்த நீண்ட கூடம் முதல் உலகப் போரில் 120 படுக்கைகளுடன் மருத்துவமனையானது. 2,000க்கும் மேற்பட்ட காயமுற்ற வீரர்களுக்கு அங்கே சிகிச்சை நடந்தது. சாக்லேட் தொழில் நடத்திய மெனியே குடும்பத்தின் சிமோன் மெனியே தலைமைச் செவிலியாக நின்று அதை நடத்தினார்.

1804இல் வந்த நெப்போலியன் சட்டத்தொகுப்பு, மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எழுதிவைத்தது. அந்த வாசகம் 1938 வரை இருந்தது. திருமணமான பிரெஞ்சுப் பெண் கணவனின் அனுமதியின்றி வங்கிக் கணக்கு தொடங்கவும் வேலைக்குப் போகவும் சட்டம் இடம் தந்தது 1965 ஜூலை 13 அன்று. தியான் கிரயப் பத்திரம் வாங்கி 410 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த 1965இல் பேரழகான கோட்டைகளைச் சுற்றிக் காட்டி, இது இன்ன அரசியின் அறை, இது இன்ன காதலியின் தோட்டம் என்று விளக்கிச் சம்பளம் வாங்கிய திருமணமான பெண்கள் இருந்திருந்தால், அந்த ஜூலைக்கு முன் அந்தச் சம்பளத்தைப் போட்டுவைக்கத் தம் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கக்கூட அவர்கள் கணவனின் சம்மதம் கேட்டிருக்க வேண்டும்.