குடுமியான்மலை இசைக் கல்வெட்டும் விரலின் அழுத்தமும்

புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலையில், மேலைக்கோயில் எனப்படும் குடைவரையை ஒட்டிய பாறையில், ஏழாம் அல்லது எட்டாம் நூற்றாண்டுக் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டுள்ள வடமொழி இசைக் கல்வெட்டு, 1904இல் கண்டறியப்பட்டுப் பின்னர் பி.ஆர். பண்டார்க்கரால் 'எபிகிராஃபியா இண்டிகா'வில் பதிப்பிக்கப்பட்ட காலந்தொட்டு, வெட்டுவித்த அரசன் யார் என்னும் வழக்கிலேயே பெரிதும் சிக்கிக் கிடக்கிறது. வெட்டுவித்தவனாகப் பலரும் கருதும் பல்லவ அரசன் முதலாம் மகேந்திரவர்மனின் பெயர் அதில் இல்லை. உருத்திராசாரியரின் மாணவனும் சிவனடியானுமாகிய ஓர் அரசன் மாணாக்கர் நலங்கருதிச் செய்தான் என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. அரசனைவிட ஆராயத்தக்கது அதன் எழுத்துமுறை.

மத்திமகிராமம் முதலிய ஏழு இராகங்களுக்குரிய சுரங்கள் நான்கு நான்காகக் கோக்கப்பட்டுள்ள அக்கல்வெட்டில், ஒரே ரிஷபம் ர, ரி, ரு, ரெ என உயிர் திரிந்து வருவதைச் சுருதி வேறுபாடு என்பாரும் உளர், நரம்பைத் தெறிக்கும் விரலின் குறி என்பாரும் உளர். பகுதித் தலைப்புகளில் வரும் 'சதுஷ்பிரஹார' என்ற தொடர் 'நான்கு தெறிப்புகள்' எனப் பொருள்படுவதாலும், ஏழு நரம்பு வீணையைக் குறிக்கும் 'பரிவாதினி' என்ற பெயர் அங்கே பொறிக்கப்பட்டிருப்பதாலும், இது பாடகனைவிடக் கருவியாளனுக்கே எழுதப்பட்டது எனக் கொள்வது பொருந்தும்.

அக்காலத்தில் வீணை என்ற சொல் யாழ்வகைக் கருவிகளையும் சுட்டியது. நரம்புக்கொரு சுரமாகக் கட்டப்பட்ட யாழில் அழுத்தத்துக்கு அதிக வேலை இல்லை. 17ஆம் நூற்றாண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கர் காலத்தில் 24 மெட்டுகளோடு உருப்பெற்றதாக மரபு கூறும் வீணையிலோ, மெட்டின்மேல் தந்தியை அழுத்திப் பக்கவாட்டில் இழுப்பதே கமகத்தின் உயிராயிற்று. இத்தகைய கமகத்துக்கு இடமின்மையும் யாழ் வழக்கொழிந்ததற்கு ஒரு காரணமாகலாம்.

கமகத்தை ஆளும் இவ்வழுத்தத்தை இன்று அளந்து பதியவும் முடிகிறது; விரலின் அழுத்தத்தையும் அசைவையும் மின்குறியாக மாற்றும் சாதனத்துக்கு உணரி என்று பெயர். 1920 அளவில் ரஷ்யாவில் லியோன் தெரமின் அமைத்த கருவி, தொடாமலே காற்றில் அசையும் கைக்கு ஒலித்தது. ஏ.ஆர். ரகுமான் 'டெல்லி-6' (2009) படத்தில் கையாண்ட கன்டினுவம் பலகை, மெட்டில்லாத மென்பரப்பில் விரலின் இடத்தையும் அழுத்தத்தையும் ஒருங்கே அளக்கிறது. மரபான சிதாரைக் கைவிடாமலே இவ்வாறு விரலை அளந்தவர் இசைத் தொழில்நுட்ப ஆய்வாளர் அஜய் கபூர்: 2004 அளவில் அவர் வடிவமைத்த மின்னணுச் சிதாரில் மெட்டுகளுக்கிடையே மின்தடைகளும், மீட்டும் கையின் கட்டைவிரலடியில் அழுத்த உணரியும், வாசிப்பவரின் தலையில் அசைவு உணரியும் இடம்பெற, எந்த மெட்டு, எவ்வளவு அழுத்தம், எக்கணம் என்பவை கணினியில் எண்களாகப் பதிந்ததோடு, அவ்வெண்களே மேடையில் வேறு ஒலிகளையும் காட்சிகளையும் இயக்கின. மெட்டு, அழுத்தம், கணம் ஆகிய இம்மூன்றில் மெட்டுக்கு ஈடான சுரத்தை மட்டுமே குடுமியான்மலைப் பாறை ஐயமின்றிச் சொல்கிறது.