சுகோமாஜ்ரி: நிலமில்லாதவருக்கும் தண்ணியில் பங்கு

"மக்கள் பங்கேற்பு"ங்கிற வார்த்தை இல்லாத நீர்வடிப்பகுதித் திட்ட அறிக்கையை இன்னிக்குத் தேடினாலும் கிடைக்காது. அந்த வார்த்தைக்கு நிஜமாவே ஒரு அர்த்தம் இருந்த இடம் ஹரியானாவில் இருக்கிற சுகோமாஜ்ரிங்கிற சின்ன கிராமம்.

கதை ஆரம்பிக்கிறது கிராமத்தில் இல்லை, சண்டிகர் நகரத்தில். சிவாலிக் மலையிலிருந்து மழைக்காலத்தில் மட்டும் வர்ற ஒரு ஓடையை மறிச்சு 1958-ல் சுக்னா ஏரியை உருவாக்கினாங்க. இருபது வருஷம்கூட ஆகலை, பாதிக்கு மேல தூர்ந்து போச்சு! இந்த மண் எங்கேருந்து வருதுன்னு தேடிக் கிளம்பினது மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் சண்டிகர் மையம். தலைமை பி.ஆர். மிஷ்ரா. தேடல் சுகோமாஜ்ரி மலைகளில் போய் நின்னுச்சு.

ஊரைச் சுத்தி மொட்டை மலை. மானாவாரி விவசாயம், அதை நம்பி வயிறு நிறையாது. அதனால குஜ்ஜர் குடும்பங்கள் ஆடு மாடுகளை மலைக்கு ஓட்டினாங்க. புல்லெல்லாம் போனதும் ஒவ்வொரு மழைக்கும் மண் கரைஞ்சு கீழே இறங்குச்சு.

1976-லிருந்து அங்கே சின்னச் சின்ன மண் அணைகள் கட்டினாங்க. நோக்கம் மண்ணைத் தடுக்கிறதுதான். ஆனா தேங்கின தண்ணி வயலுக்குப் பாய்ஞ்ச பிறகுதான் ஊர்க்காரங்களுக்கு அதில் அக்கறை வந்துச்சு. மேய்ச்சலை நிறுத்தினா அணை தூராது. அணை தூராட்டா கோதுமை காயாது. கணக்கு சரிதான்.

ஆனா யாருக்கு? நிலம் இருக்கிறவங்களுக்கு! நிலமில்லாதவர் எதுக்காகத் தன் ஆட்டை விக்கணும்?

இந்தக் கேள்விக்கு ஊர் கண்டுபிடிச்ச பதில்தான் சுகோமாஜ்ரியின் பெருமை. நிலம் இருந்தாலும் இல்லாட்டாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணியில் சம பங்கு. தனக்குத் தேவையில்லைன்னா பங்கை அடுத்தவருக்கு வித்துக்கலாம். பதிலுக்கு, மலையில் யாரும் மேய்க்கக் கூடாது. கம்பி வேலியும் இல்லை, காவலாளியும் இல்லை. இதைத்தான் "சமூக வேலி"ன்னு சொன்னாங்க. நிர்வாகத்துக்கு ஊர்ச் சங்கம் வந்துச்சு. மலையில் திரும்ப முளைச்ச புல்லை வெட்டும் உரிமையை, முன்னே ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்துட்டிருந்த வனத்துறை, சங்கத்துக்கே குத்தகைக்கு விட்டுச்சு. கயிறு திரிக்கவும் காகிதக் கூழுக்கும் ஆகிற பாபர் புல்லும் அதில் உண்டு. ஆடுகள் குறைஞ்சு எருமைகள் கூடுச்சு. மலையிலிருந்து இறங்கின மண்ணும் பெருமளவு குறைஞ்சது.

கதை இதோட சுபமா முடியலை. காலப்போக்கில் அணைகளே தூர்ந்துச்சு. சம பங்கு முறையும் மறைஞ்சு, தண்ணி பாய்ச்சுறவர் காசு கட்டுற வழக்கம் வந்துச்சு. அப்போ நிலமில்லாதவர் கையில் விக்கிறதுக்குப் பங்குன்னு எதுவும் இல்லை.

ஹனுமந்த ராவ் குழு அறிக்கைக்குப் பிறகு, மக்கள் பங்கேற்பை மையமா வச்ச புது வழிகாட்டு நெறிகள் 1995-ல் நாடு முழுக்க அமலுக்கு வந்துச்சு. குழு அமைக்கணும், கூட்டம் போடணும், ஊர்ப் பங்களிப்பு வசூலிக்கணும்... எல்லாம் சரி. ஆனா சுகோமாஜ்ரியின் உயிர்நாடியான தண்ணிப் பங்கு மட்டும் பெரும்பாலான திட்டங்களில் பின்பற்றப்படலை.

தியாகத்தில் பங்கு கேட்கிற திட்டம் பலனிலும் பங்கு கொடுக்கணும். அது இல்லாட்டா அதுக்குப் பேர் பங்கேற்பு இல்லைங்க, வேலை வாங்குறது.