பூட்ஸைத் தின்றவரும் மூட்டை தூக்கியவர்களும்

செட்டிநாட்டுக் குழம்புல போடுற கல்பாசி தெரியும்ல? காய்ஞ்ச இலை மாதிரி இருக்குமே, அது ஒரு லைக்கன். அதாவது, பூஞ்சையும் பாசியும் கூட்டுக் குடும்பம் நடத்துற உயிர். அதோட தூரத்துச் சொந்தம் ஒண்ணு வட கனடாவின் பாறைகள்ல வளருது. பேரு அம்பிலிகேரியா. தொப்புள் மாதிரி நடுவுல ஒரே இடத்துல பாறையைப் பிடிச்சுக்கிட்டு விரியுற கருத்த இலை. பிரெஞ்சுக்காரங்க அதைப் 'பாறைக் குடல்'னு கூப்பிட்டாங்க. நம்ம கறிக்கடை பாஷையில சொன்னா, பாறைப் போட்டி!

இந்த இலையைத் தின்னுதான் ஒரு கூட்டம் 1821-ல் உயிரைப் பிடிச்சு வெச்சிருந்தது.

ஆர்க்டிக் கடற்கரையை வரைபடமாக்க பிரிட்டன் 1819-ல் ஜான் ஃப்ராங்ளினை அனுப்பியது. அங்கே வாழ்ந்த யெல்லோநைஃப் மக்களின் தலைவர் அகைட்சோ, "குளிர் நெருங்குது, இப்போ கடலுக்குப் போகாதீங்க" என்று 1820-லேயே எச்சரித்தார். அந்த வருஷம் நின்றார்கள். மறு வருஷம் கடலுக்குப் போய், ஆகஸ்ட்டில் திரும்பினார்கள். வழியில் சாப்பாடு தீர்ந்தது. பாறையில் பனியை விலக்கி லைக்கனைச் சுரண்டி, வேகவைத்துத் தின்றார்கள். ஒரே கசப்பு. சிலருக்கு வயிற்றைப் புரட்டிப் போட்டது. ராபர்ட் ஹூட் என்ற இளம் அதிகாரிதான் ரொம்ப அவதிப்பட்டார். அப்புறம் பழைய தோல், பூட்ஸ் எல்லாம் பானைக்குள் போனது. உணவு இருக்கும் என்று நம்பி வந்து சேர்ந்த எண்டர்ப்ரைஸ் கோட்டையும் காலி.

இப்போ கணக்கைப் பாருங்க. கடற்கரைப் பயணத்தில் 20 பேர். செத்தது 11. பிரிட்டிஷ்காரர்கள் 5 பேரில் ஹூட் ஒருவர்தான் இறந்தார், அதுவும் துப்பாக்கிக் குண்டால். மீதி 15 பேர் படகோட்டிகள், மூட்டை தூக்கிகள், மொழிபெயர்ப்பாளர்கள். அதில் 10 பேர் போய்விட்டார்கள். எல்லாருக்கும் அதே லைக்கன்தான். ஆனா பாரம் சுமந்த உடம்புக்கு அது எப்படிப் போதும்?

நவம்பர் 7 அன்று அகைட்சோவின் ஆட்கள் இறைச்சியோடு வந்தார்கள். கோட்டையில் மிச்சமிருந்தவர்களுக்கு ஊட்டிவிட்டு, பார்த்துக்கொண்டார்கள். லைக்கன் சாவைத் தள்ளிப்போட்டது, அவ்வளவுதான். காப்பாற்றியது இவர்கள்.

லண்டன் திரும்பிய ஃப்ராங்ளினுக்குப் பதவி உயர்வு, 1823-ல் புத்தகம், 'பூட்ஸைத் தின்ற மனிதர்' என்ற பட்டப்பெயர். மூட்டை தூக்கிச் செத்தவர்களில் ஒருத்தர் பேராவது நாம எங்கயாவது படிச்சிருக்கோமா? யோசிங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.