எல்க் வேட்டைக்குச் சுமை தூக்கியவர்கள்

டென்வரில் இருக்கும் என் சித்தி மகன் போன மாதம் ஒரு நீளமான மின்னஞ்சல் அனுப்பியிருந்தான். அலுவலக நண்பர்களோடு அக்டோபரில் கொலராடோ மலைக்காட்டுக்குள் எல்க் வேட்டைக்குப் போகிறானாம். "அண்ணா, நான் சுடப்போவதில்லை, சமையல் மட்டும்தான், பெரியம்மாவிடம் சொல்லிவிடாதே" என்று ஆரம்பம். கூடவே திட்டப் பட்டியல். எங்கள் வங்கியில் கடன் விண்ணப்பத்தோடு வைக்கும் திட்ட அறிக்கைகூட அவ்வளவு சுத்தமாக இருக்காது!

அமெரிக்காவிலேயே எல்க் அதிகம் உள்ள மாநிலம் கொலராடோ. அப்படியும் பல பகுதிகளில் உரிமத்துக்குக் குலுக்கல் உண்டு. சாலை முடியும் இடத்திலிருந்து பொதிக் குதிரைகள். ஒரு குதிரை 70 கிலோ வரை சுமக்கும். முதுகின் இரண்டு பக்கமும் பெட்டி தொங்கும், இரண்டும் ஒரே எடை இருக்க வேண்டும், அதற்குத் தனித் தராசு. அரசாங்கக் காட்டுக்குள் கண்ட வைக்கோலைக் கொண்டுபோக முடியாது, களை விதை கலக்காதது என்று சான்று பெற்ற தீவனம்தான். சுட்டால் இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டுக் கொம்பை மட்டும் கொண்டுவருவது அங்கே குற்றம். முழு வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். எலும்பு நீக்கினாலும் ஒன்றரைக் குதிரைச் சுமை தேறும். ஆகவே போகும்போதே திரும்பும் எடையையும் கணக்குப் போட வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் போடிநாயக்கனூர் பக்கம். குரங்கணி மலைப்பாதையில் பொதிக் கழுதையும் மட்டக்குதிரையும் ஏறி இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவன். பொதி ஒரு பக்கம் சாய்ந்தால் மிருகத்தின் முதுகு புண்ணாகிவிடும் என்று ஏலக்காய் மூட்டை கட்டுகிறவர்கள் கையால் தூக்கிப் பார்த்தே சமம் சொல்லிவிடுவார்கள். தராசெல்லாம் கிடையாது. அதனால் தம்பியின் பட்டியலில் என்னைப் பிடித்து நிறுத்தியது துப்பாக்கி இல்லை, பொதிதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். எல்க் வேட்டை நம் பக்கமும் நடந்திருக்கிறது. நீலகிரியில் நடந்தது, இலங்கை மலைகளில் இன்னும் விமரிசையாக நடந்தது. ஒரே ஒரு சிக்கல், அங்கே எல்க் கிடையாது.

ஐரோப்பாவில் எல்க் என்றால் அமெரிக்கர்கள் மூஸ் என்று சொல்லும் பிராணி. அமெரிக்காவில் எல்க் என்றால் வாபிட்டி என்ற வேறொரு பெரிய மான். நம் மலைக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரிகள் இரண்டையும் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு. எதிரே கரும்பழுப்பு நிறத்தில், பிடரியில் முரட்டு மயிரோடு, பெரிய கொம்போடு ஒன்று நின்றதும் எல்க் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதுதான் நம் கடமான். தென்மாவட்டங்களில் மிளா. இலங்கைத் தமிழர்களுக்கு மரை. 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் எல்க் என்பதற்குத் தனிப் பதிவே இருக்கிறது. தென்னிந்திய வேட்டைக்காரர்கள் கடமானுக்குக் கொஞ்சமும் பொருத்தமில்லாமல் சூட்டிய பெயர் என்று அதில் சலித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த எல்க் வேட்டையை உலகத்துக்குச் சொன்னவர் சாமுவேல் பேக்கர். பின்னாளில், 1864-இல், ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியைக் கண்டு 'சர்' பட்டம் வாங்கிய அதே பேக்கர்தான். 1840களின் நடுவில் இலங்கைக்கு வந்தவர் காய்ச்சலில் விழுந்து, உடம்பு தேற நுவரெலியாவுக்குப் போனார். 6,000 அடிக்கு மேலே இங்கிலாந்து மாதிரியே குளிர். மனுஷருக்கு ஊர் பிடித்துவிட்டது. இங்கிலாந்து திரும்பி, 1848-இல் ஒரு சின்னக் கிராமத்தையே கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். பண்ணை மேற்பார்வையாளர், கொல்லர், உயர்ஜாதி மாடுகள், ஆடுகள், குதிரை, கூடவே வேட்டை நாய்ப் பட்டாளம் ஒன்று.

மலையேற்றம் ஒரு பெரிய காமெடி. வண்டி பள்ளத்தில் கவிழ்ந்தது. அருமையாகக் கொண்டுவந்த பசு வழியிலேயே செத்தது. வண்டியை மீட்க அனுப்பிய யானையை பெர்க்ஸ் என்ற குதிரைக்காரர் தண்ணியைப் போட்டுவிட்டு ஓட்டு ஓட்டென்று ஓட்டியதில் அதுவும் செத்தது. பேக்கர் இதையெல்லாம் தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டு எழுதியிருக்கிறார். நல்ல எழுத்துக்காரர், அதில் சந்தேகமில்லை.

அவர் வேட்டை முறையே வேறு. யானைக்கும் காட்டெருமைக்கும் துப்பாக்கி. கடமானுக்கு நாயும் கத்தியும் மட்டும். விடியற்காலையில் நாய்களை விட்டால் மோப்பம் பிடித்துக் கடமானைக் கிளப்பும். அது சரிவு சரிவாக இறங்கி ஓடி, முடியாத கட்டத்தில் ஓடைத் தண்ணீருக்குள் நின்று திரும்பி நாய்களை எதிர்க்கும். பேக்கர் குரைப்புச் சத்தத்தைப் பின்பற்றி ஓடிப்போய்க் கத்தியால் முடிப்பார். குதிரை புல்வெளி வரைக்கும்தான். அதற்குமேல் நெலு புதர், மூங்கில், அட்டை, வழுக்குப் பாறை. (இந்த நெலு வேறொன்றுமில்லை, நம் குறிஞ்சியின் சொந்தக்காரச் செடி. அது பூக்கும் காலத்தில் தேனீ குவிவதையும் அவர் எழுதியிருக்கிறார்.)

ஆக, குதிரை இருந்தும் பொதிக்கு உதவவில்லை. பொதிமாடு? இலங்கையில் தவளம் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. வரிசையாகப் பொதிமாடுகள் கடற்கரையிலிருந்து உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு மலைநாட்டுக்குப் போகும், திரும்பும்போது நெல்லும் பாக்கும். ஆனால் தவளம் போனது ஊருக்கும் ஊருக்கும் நடுவே பழகிய தடத்தில். ஹார்ட்டன் சமவெளி மாதிரி 7,000 அடி உயரத்தில், சுற்றிலும் மனித வாசனையே இல்லாத இடத்தில், மான் போன போக்கில் மாற்றி மாற்றிப் போடும் கூடாரத்துக்கு மாட்டை வைத்து என்ன செய்வது?

மிச்சம் இருந்தது மனிதத் தலைதான்.

இந்த இடத்தில் என் பி.காம். புத்தி சும்மா இருக்கவில்லை. பேனாவை எடுத்து ஒரு கணக்குப் போட்டேன். (இது என் கணக்கு, எந்தப் புத்தகத்திலும் உள்ளதல்ல.) மூன்று துரைகள், பத்து நாள் பயணம். கூடாரம், படுக்கை, துப்பாக்கி, மருந்து, பாத்திரம், புட்டி வகையறா, நாய்களுக்குச் சோறு எல்லாம் சேர்த்து 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 25 கிலோ என்றால் 20 பேர் போதும். ஆனால் அந்த 20 பேரும் சாப்பிட வேண்டாமா? அரிசி, உப்பு, மிளகாய் எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒரு கிலோ என்றால் பத்து நாளைக்கு 200 கிலோ. அதைத் தூக்க இன்னும் 8 பேர். அந்த 8 பேருக்குச் சோறு? அதற்கு 4 பேர். இப்படியே போனால் 34 பேரில் வந்து நிற்கும். பதினான்கு பேர் கூட்டாளிகளின் அரிசியைச் சுமக்கவே வருகிறார்கள். பயணம் இருபது நாள் என்றால் சரியாக 100 பேர்! நாள் இரண்டு மடங்கு, ஆள் மூன்று மடங்கு. கூட்டு வட்டியில் மாட்டிய குடும்பம் மாதிரி. நாளாக ஆக அரிசி குறையும், சுமை இலேசாகும் என்பது வாஸ்தவம்தான். ஆனால் புறப்படும் நாளில் முழு எடையையும் தூக்கித்தானே ஆக வேண்டும்?

கொலராடோக் குதிரைக்குக் காட்டில் புல் கிடைத்தால் அது தன் சாப்பாட்டைச் சுமக்க வேண்டியதில்லை. மனிதன் புல் தின்னமாட்டான். அதனால்தான் ஊர் இருக்கும் இடங்களில் வழியில் அரிசி வாங்குவது, முன்கூட்டியே அரிசியை அனுப்பி வைப்பது, சுட்ட மிருகத்தின் இறைச்சியைப் பங்கிடுவது என்று ஏதாவது வழி பார்க்க வேண்டியிருந்தது. ஆளில்லாத மேட்டு நிலத்தில் முதல் வழி அடைபட்டுவிடும்.

யார் இந்த ஆட்கள்? அன்றைய இலங்கை மலைநாட்டில் கூலி என்றால் பெரும்பாலும் நம்மவர்கள். காப்பித் தோட்டங்கள் மலைகளை விழுங்கிக்கொண்டிருந்த காலம். கண்டிச் சிங்கள விவசாயிகள் தோட்டக் கூலிக்கு வர விரும்பவில்லை. மதுரை, திருநெல்வேலி, திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சனங்கள் தோணியேறி மன்னாரில் இறங்கி, தண்ணீரில்லாத வன்னிக் காட்டையும் தம்புள்ளையையும் கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவிலும் பட்டினியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். வெள்ளைக்காரர் எழுத்தில் இவர்களுக்குப் பெயர் 'மலபார் கூலி'. மலையாளக் கரைக்கும் இவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எல்க் மாதிரியே இதுவும் தப்பான பெயர்.

(கூலி என்ற சொல்லே ஆங்கிலத்துக்கு எப்படிப் போனது என்பதில் ஒரு சண்டை உண்டு. ஹாப்சன்-ஜாப்சன்காரர்கள் மேற்குக் கரையின் கோலி சாதிப் பெயரிலிருந்து வந்திருக்கும், நம் தமிழ்க் 'கூலி'யும் அதோடு கலந்திருக்கலாம் என்கிறார்கள். அதாவது தாராவியில் கோலிவாடாவும் நம்மாட்களும் அக்கம்பக்கமாக இருக்கிறார்களே, அந்தச் சொல்லுக்குள்ளேயும் அப்படித்தான் இருக்கிறார்கள் போலும்!)

பேக்கரின் நாய்கள் எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. கில்பக், ஸ்மட், ப்ரான், லீனா, புளூபியர்ட், மெர்ரிமன். எது மோப்பத்தில் கெட்டி, எது காதைப் பிடிக்கும், எது எந்த ஓடையில் எப்படிச் செத்தது என்று ஒவ்வொன்றுக்கும் இரங்கல் எழுதியிருக்கிறார், படித்தால் நமக்கே கண் கலங்கும். யானையைக் கொன்ற பெர்க்ஸுக்கும் பெயர் இருக்கிறது. கூடாரத்தைத் தலையில் வைத்து முன்னால் போனவன் பெயர்? புத்தகத்தில் எனக்குத் தட்டுப்படவில்லை. கூலிகள் என்று பன்மையில் வருவார்கள், சாமானைக் கொண்டுவந்து வைப்பார்கள், மறைந்துபோவார்கள். இரவில் உறைபனி விழும் மேட்டில், சமவெளி வெயிலில் பிறந்து வளர்ந்த அந்த ஆட்கள் எதைப் போர்த்திக்கொண்டு படுத்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

எங்கள் பாட்டியின் தாத்தா ஒருவர் கண்டிச் சீமைக்குப் போனவர், திரும்பவில்லை. காலம் பேக்கருக்குப் பிந்தியது, தேயிலைக் காலம். அவர் பெயர் என்ன என்று கேட்டால் பாட்டிக்கே தெரியாது, "கண்டித் தாத்தா" என்பார். பேக்கர் பெயர் எழுதாததற்கு அவர்மேல் கோபப்படலாமென்று பார்த்தால், நாமும் எழுதி வைக்கவில்லை.

நீலகிரியில் கதை சற்று வேறு மாதிரி திரும்பியது. அங்கேயும் நாயை விட்டும் துப்பாக்கியாலும் கண்மூடித்தனமாக அடித்ததில், கடமானும் வரையாடும் தீர்ந்துவிடுமோ என்று சுட்டவர்களுக்கே பயம் வந்தது. 1877-இல் நீலகிரி வேட்டைச் சங்கம் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். 1879-இல் சென்னை அரசாங்கம் நீலகிரிக்கென்றே வேட்டை மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் போட்டது. வேட்டையாடக் கூடாத மாதங்கள், உரிமம் என்று வரிசையாக வந்தது. துரைமாருக்கு விளையாட்டு மிஞ்ச வேண்டும் என்பதுதான் முதல் நோக்கம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதனால் மிருகமும் கொஞ்சம் மிஞ்சியது. காலங்காலமாகக் காட்டை நம்பி வாழ்ந்த இருளர், குறும்பர் நிலைமை என்ன ஆனது என்பதைத் தனியாகத்தான் எழுத வேண்டும், இங்கே ஒரு வரியில் அடைக்கக் கூடாது.

நம் மும்பையிலும் இதே சுருதிதான். 1883-இல் ஆறு வெள்ளைக்காரர்களும் இரண்டு இந்திய டாக்டர்களும் சேர்ந்து ஆரம்பித்த பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் பழைய இதழ்களைப் புரட்டினால் பாதி வேட்டைக் குறிப்புதான். அதே சங்கம்தான் பிற்பாடு காட்டுயிர்ப் பாதுகாப்புக்குக் குரல் கொடுத்தது. இலங்கையில் 1894-இல் வேட்டைப் பிராணிப் பாதுகாப்புச் சங்கம், 1937-இல் விலங்கினத் தாவரப் பாதுகாப்புச் சட்டம். இந்தியாவில் 1972 சட்டம் கடமான் வேட்டைக்குக் கடிவாளம் போட்டது.

பேக்கர் 1855-இல் இலங்கையை விட்டுக் கிளம்பிவிட்டார். அவருக்குப் பிறகும் தோட்டத் துரைமார் நாய்களோடு ஹார்ட்டன் சமவெளிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் தங்கிய வேட்டை விடுதி தாமஸ் ஃபார் என்பவர் பெயரில் ஃபார் இன் என்று இன்றும் நிற்கிறது. பக்கத்து அருவிக்குப் பேக்கர் அருவி என்று பெயர். 1988-இல் அந்த இடம் தேசியப் பூங்கா ஆனது.

நான்கைந்து வருஷத்துக்கு முன்னால் மனைவி, பிள்ளைகளோடு போயிருந்தேன். விடிவதற்கு முன்பே வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், 25 கிலோவெல்லாம் இல்லை, முதுகில் ஆளுக்கொரு சின்னப் பை. விடுதி அருகே வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பெரிய ஆண் மரை ஆட்களைப் பார்த்து நகராமல், பிஸ்கட் கிடைக்குமா என்று நின்றுகொண்டிருந்தது. பிளாஸ்டிக் தாளைத் தின்று இவை செத்துப்போகின்றனவாம். அதனால் நுழைவாயிலில் காவலர்கள் ஒவ்வொரு பையையும் திறந்து, தண்ணீர் பாட்டிலில் ஒட்டியிருக்கும் தாளைக்கூட உரித்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். எங்கள் பையைச் சோதித்தவர் தமிழில்தான் பேசினார். எந்த ஊர் என்று கேட்டேன். "ஹட்டன் பக்கம் தோட்டம் சார். அதுக்கு முன்னாடி தாத்தா காலத்துல எங்கேயோ திருச்சிப் பக்கமாம், ஊர் பேர் தெரியாது" என்று சொல்லிவிட்டு, பையின் ஜிப்பை இழுத்து மூடி என் கையில் கொடுத்தார்.