சொல்தா தாத்தாவின் 65 சதவீதம்

எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் இரண்டு காகிதங்கள் ஒன்றாக மடங்கிக் கிடக்கின்றன. ஒன்றில் 65 என்றிருக்கிறது, பிரெஞ்சில். மற்றதில் 70. முதலாவது தாத்தாவின் வலது கால். இரண்டாவது என்னுடைய இரண்டு கால்களும்.

தாத்தாவைத் தெருவில் சொல்தா என்பார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு வந்தவர் எல்லாருமே சொல்தாதான்; அவர் வீடு சொல்தா வீடு, நான் சொல்தா பேரன். 1951இல் இந்தோசீனாவில், கண்ணிவெடியில், முழங்காலுக்குக் கீழே போயிற்று. தன் மண்ணுக்காகப் போராடிய வியட்நாம்காரனை எதிர்த்து, தன் மண் அல்லாத ஒரு நாட்டுக்காகப் போய்விட்டு வந்த கால் அது. அந்தக் கூச்சம் அவருக்கு இருந்ததா என்று நான் கேட்டதில்லை. போரைப் பற்றி அவர் பேசவே மாட்டார். பென்ஷனைப் பற்றி மட்டும் பேசுவார், அதுவும் வட்டிக்கு விட்டவர் தோரணையில். "அவன் எனக்குக் குடுக்கணும்டா." ஒருநாளும் 'குடுக்கிறான்' என்று சொன்னதில்லை.

அந்த 'ணும்'முக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரியும். முதல் உலகப் போர் ஓய்ந்து ஐந்து மாதம்கூட ஆகாத நிலையில், 1919 மார்ச் 31 அன்று பிரான்ஸ் அதை நிறைவேற்றியது. நாடு கடனில் மூழ்கியிருந்தது. வீதியெல்லாம் கையிழந்தவர்களும் கண்ணிழந்தவர்களும். அதுவரை காயம் பணியில்தான் ஏற்பட்டது என்று சிப்பாய்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது. புதிய சட்டம் அதைத் தலைகீழாக்கியது: பணியில் ஏற்பட்டது என்றே எடுத்துக்கொள்ளப்படும், இல்லையென்று சொல்ல விரும்பினால் அரசு நிரூபிக்கட்டும். இது உதவித்தொகை இல்லை, ஈடு பெறும் உரிமை. 10 சதவீத ஊனத்திலிருந்தே கணக்கு தொடங்கும். 1924இல் இன்னொரு சட்டம் போட்டு, பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களில் பத்தில் ஒரு பங்கு வேலையைப் போரில் ஊனமுற்றோருக்குக் கொடுக்கச் சொன்னார்கள்.

ரொம்பவும் புகழ்ந்துவிடக் கூடாது. அந்த உரிமை துப்பாக்கி தூக்கியவனுக்குத்தான். பிறவியிலேயே கால் வராதவனுக்கும் அம்மை வார்த்துக் கண் போனவளுக்கும் பிரெஞ்சுப் புதுச்சேரியில் உறவுக்காரர்களின் திண்ணை இருந்தது. இல்லாவிட்டால் கோயில் வாசல், மாதாகோயில் வாசல். பிரான்சிலேயே பொதுவான மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் 1975இல்தான் வந்தது. கடற்கரையில், 1914-18 போரில் செத்தவர்களுக்கு எழுப்பிய நினைவுச்சின்னத்தில், பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14க்கு விளக்குப் போடுவார்கள். பதக்கம் குத்திக்கொண்டு போய்விட்டு வந்து தாத்தா சொல்வார்: "செத்தவனுக்குக் கல்லு. எனக்குப் பென்ஷன்."

1962 ஆகஸ்ட் 16 அன்று, புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்க ஆறு மாதம் தவணை. தாத்தா கொடுத்தார். இணைப்புக்காகக் கோஷம் போட்ட அப்பா கொடுக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு தேசங்கள். தாத்தா கெட்டிக்காரர் என்று பின்னால் தெரிந்தது: பிரான்சின் பழைய ஆட்சிப் பகுதிகளில் வேறு நாட்டுக் குடிமக்களாகிவிட்ட சிப்பாய்களின் பென்ஷனை உயராமல் உறைய வைக்க 1959இலேயே சட்டம் போட்டிருந்தார்கள். அமது தியோப் என்ற செனகல் சிப்பாயின் வழக்கில் அது பாரபட்சம் என்று 2001இல் தீர்ப்பானது. கேட்கத் தியோப் உயிரோடு இல்லை.

என் கதைக்கு வருகிறேன். 1970இல், ஒன்றரை வயதில், போலியோ. பஸ் பாஸுக்காக முதன்முதலில் சான்றிதழ் வாங்கப் போனபோது ஒரு மருத்துவர் நாடாவால் இரண்டு தொடைகளையும் அளந்தார். "நடந்து காட்டு" என்றார். கேலிப்பரைக் கழற்றிவிட்டு நடக்கச் சொன்னார். விழுந்தேன். எழுதிக்கொண்டார். நிரூபணம் முழுக்க என் தலையில். நாலு வருஷம் கழித்துப் புதுச் சான்றிதழ் கேட்டார்கள், இதற்குள் போலியோ குணமாகியிருக்குமோ என்னவோ. "என்னைவிட அஞ்சு கூட வாங்கிட்டியே" என்று தாத்தா சிரித்தார். அந்த ஐந்துக்கு எனக்குக் கிடைத்தது பஸ் பாஸ்.

1995இல் இந்தியாவுக்கும் சட்டம் வந்தது. 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதன் கண்ணில் நீ ஊனமுற்றவன் இல்லை. அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு. அதில்தான் நான் எழுத்தர் ஆனேன். நாற்காலி மாடியில் இருந்தது. இருபத்திரண்டு படிகள். கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஏறி உட்காரும்போது சட்டை நனைந்திருக்கும். மனு கொடுக்கலாமென்று சட்டத்தைப் புரட்டினால், கட்டடத்தில் சாய்தளம் அமைப்பது பற்றிய பிரிவில் ஒரு தொடர் கண்ணில் பட்டது: பொருளாதாரச் சக்திக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு. முடிந்தால் செய்கிறேன் என்று அர்த்தம். கடன் வாங்கியவன் பத்திரத்தில் இப்படி எழுத விடுவோமா?

2016 சட்டத்தில் பேச்சு மாறிவிட்டது. ஊனத்தின் 7 வகைகள் 21 ஆயின, ஒதுக்கீடு 4 சதவீதம். தேவையான வசதியைச் செய்துதர மறுப்பதே பாரபட்சம் என்று எழுதிவிட்டார்கள். பொதுக் கட்டடங்களைத் திருத்த, விதிகள் வந்த 2017 ஜூனிலிருந்து ஐந்து வருஷம் கெடு. கெடு போய்விட்டது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்த விதிகளில் ஒன்று சட்டத்தின் கட்டாயத்தை வெறும் பரிந்துரையாக்குகிறது என்று அதைச் செல்லாததாக்கியது. மூன்று மாதத்தில் கட்டாய விதிகள் வேண்டும் என்றது. என் மேசை கீழ்த்தளத்துக்கு வந்தது அதற்கு முன்பே. சட்டத்தால் இல்லை. மாடியில் மழைநீர் ஒழுகியது.

தாத்தாவின் கணக்கு எப்படி முடிந்தது என்று சொல்லவில்லையே. 1994இல் போனார். பிறகு பாட்டிக்கு விதவைப் பென்ஷன் வந்தது. உயிரோடிருப்பதற்கான சான்றில் வருஷா வருஷம் கைநாட்டு வைப்பாள். 2003இல் அவள் இறந்தபின் ஒரு கடிதம்: கூடுதலாகப் போய்விட்ட பதினோரு நாள் பணத்தைத் திருப்பி அனுப்பவும். அப்பா ஒரு பேப்பரில் வகுத்துப் பார்த்துவிட்டு, பைசா குறையாமல் அனுப்பினார். அந்த ரசீதும் தகரப்பெட்டியில்தான் இருக்கிறது, அடியில்.