ஏற்ற நேரத்துக் கணக்கு: சுங்கை பூலோவில் நீர்ப்பறவைகளை எண்ணுதல்

சிங்கப்பூரின் வடமேற்கு ஓரத்தில், ஜொகூர் நீரிணையை ஒட்டிக் கிடக்கிறது சுங்கை பூலோ அலையாத்திக் காடு. வலசைக் காலத்து ஞாயிறு ஒன்றில், ஏற்றம் நிறைந்து நிற்கும் காலை ஒன்பது மணிக்கு அங்குள்ள நோக்குக் குடிலில் அமர்பவர், எதிரே குளத்துச் சேற்றில் பவளக்காலிகளும் சிறு கோட்டான்களும் நெருங்கி நிற்பதைக் காண்பார். அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் குளம் வெறிச்சோடிக் கிடக்கலாம். பறவை குறைந்துவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதினால் பிழை. அங்கே கடல் நாளுக்கு இருமுறை ஏறி வற்றுகிறது. நிலவைப் பின்பற்றும் ஏற்றம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துகிறது. ஏழு நாளில் அது கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். போன வாரம் ஏற்றம் நின்ற வேளையில் இந்த வாரம் வற்றம் நிற்கும். ஆக, விடுமுறை நாளில் மட்டும் வருபவரின் குறிப்பேடு பறவைகளைவிட நிலவைத்தான் ஒழுங்காகப் பதிவு செய்கிறது.

அலையாத்திக் காட்டில் நாம் எடுப்பவை பெரும்பாலும் பறவைகள் ஒதுங்கி ஓய்வெடுக்கும் தங்கிடக் கணக்குகள்; அவற்றை இரை தேடும் இரைநிலக் கணக்குகளாகப் படிக்கிறோம் என்பதே என் வாதம். உள்ளான்களுக்கும் உப்புக்கொத்திகளுக்கும் அடர்ந்த வேர்க்காட்டுக்குள் வேலை குறைவு. புழுவும் சிறு நண்டும் தேடிச் சேற்றைக் குத்தவும், வல்லூறு வருவதைத் தொலைவிலேயே காணவும் திறந்த வெளி வேண்டும். வற்றத்தில் அவற்றுக்கு இரை தரும் இடங்களுள் முக்கியமானது, கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மண்டாய்ச் சேற்றுத்திட்டு. அது மூழ்கியதும் சுங்கை பூலோவுக்கு வருகின்றன. அதுவும் காட்டுக்குள் அன்று, குளங்களுக்கு. சிறு கோட்டான், பவளக்காலி போன்றவை சில வேளை மரக்கிளையில் அமரும்.

இந்தக் குளங்கள் இறால் வளர்த்தவர்கள் வெட்டியவை. ஏற்றத்தோடு வரும் குஞ்சுகளை உள்ளே விட்டு, மதகை அடைத்து வளர்த்தார்கள். இன்று வெளியே கடல் நிறைந்திருக்கும்போதும் உள்ளே சேறு தெரியும்படி, காப்பகத்தார் மதகுகளைக் கொண்டே நீர்மட்டத்தைத் தாழ்த்தி வைக்கிறார்கள். ‘இயற்கைக் காட்சி’ என்று நாம் படமெடுப்பதில் பாதி மதகின் வேலை.

பறவை ஆர்வலர்கள் 1986இல் இந்த இடத்தின் அருமையைக் கண்டு சொன்னார்கள். 1993இல் 87 ஹெக்டேரில் பூங்கா திறக்கப்பட்டது. 2002இல் 130 ஹெக்டேர் சட்டக் காப்பு பெற்றது. மண்டாயின் 72.8 ஹெக்டேர் இயற்கைப் பூங்காவாகும் என்ற அறிவிப்போ 2018இல்தான் வந்தது. நிலத்தேவை முதலிய காரணங்கள் இருந்திருக்கும். எனினும் பறவைகளின் படுக்கையறையான சுங்கை பூலோவுக்கும் அடுக்களையான மண்டாய்க்கும் இடையிலான இந்தப் பதினாறு ஆண்டு இடைவெளியில், குடிலிலிருந்து மட்டுமே பார்த்த பழக்கத்துக்கும் பங்கு உண்டு என்றே கருதுகிறேன்.

ஏற்ற நேரத்தில் பறவைகள் ஓரிடத்தில் கூடுவதால் அப்போது எண்ணுவதே சரியான முறை என்பார்கள். ஒரு பருவத்தின் மொத்தத் தொகையை அறிய அது சரிதான். எந்த நிலம் பறவையைத் தாங்குகிறது என்ற கேள்விக்கு அந்த எண் விடை தராது. கொக்கு, நாரைகளுக்கு இந்த வாதம் அப்படியே பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வற்றும் நீர் மதகு வாயில் விரையும்போது மீனுக்காகக் காத்து நிற்கும் சாம்பல் நாரைக்குக் காடும் குளமும் ஓடையும் ஒரே வீடு.

பார்வையின் எல்லையை, பறவைகளில் பொருத்திய கருவிகள் வேறொரு வழியில் காட்டிவிட்டன. கிழக்காசிய–ஆஸ்திரலேசிய வலசைப் பாதையின் நிறுத்தமாகவே சுங்கை பூலோ பேசப்பட்டு வந்தது. 2020இல் வெளியான தட ஆய்வு, சிங்கப்பூரில் குளிர்காலம் கழித்த பவளக்காலிகள் இமயத்தைக் கடந்து சிங்காய்–திபெத் பீடபூமிக்கும், சிறு கோட்டான்கள் ரஷ்யாவுக்கும் பறந்ததைக் காட்டியது. அப்பறவைகள் மத்திய ஆசியப் பாதையையும் பயன்படுத்துகின்றன. தமிழ்நாட்டின் கோடியக்கரைக்கு வரும் கரைப்பறவைகளின் பாதையும் அதுவே. குடிலில் எத்தனை ஆண்டு எண்ணியிருந்தாலும் இது தெரிய வந்திராது.

ஒவ்வொரு பதிவிலும் தேதிக்கு அருகே, ஏற்றத்துக்கு எத்தனை மணி முன் அல்லது பின் என்று ஒரு பத்தி சேர்க்கலாம். குளத்தில் எண்ணிய நாளிலேயே, நீர் வற்றியதும் மண்டாயிலும் எண்ணலாம். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். ஓத அட்டவணை ஒன்றும் சேற்றில் இறங்க ஒரு ஜோடி பூட்சும் போதும்.